எலுமிச்சை பிழிந்த மோதிரம்

ஜோசலினுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் கல் பிடித்தது. சனி பிடித்தது, பேய் பிடித்தது என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. அதுவும் எல்லாக் கல்லும் கிடையாது. வரி வரியாக ஓடும் அழகுக் கல் மட்டும்தான். பழுப்பும் வெள்ளையும், பச்சையும் பாலும், கறுப்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்த கல் எதையாவது பார்த்துவிட்டால், அதன் சரியான பெயர் என்னவென்று தெரியாமல் அவளுக்கு ஒரு வாய் காபி இறங்காது.

நான் தமிழினி. சேலையூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கும் அவளுக்கும் எதிரெதிர் மேசை. அவள் அட்மிஷன், நான் பள்ளி வேன்கள். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, மதியம் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்து அவளே எனக்குச் சொன்னது.

கல் பிடிப்பதற்கு முன்னால் அவள் சத்தமே இல்லாத ஆள். இரும்புலியூரில் அம்மா ஞானம்மாளோடு ஒரு சின்ன வீடு. கஞ்சி போட்ட காட்டன் சேலை, ஒற்றை வளையல். பெண் பார்க்க வந்தவர்கள் வந்து போய், பிறகு வருவதும் நின்று, அதைப் பற்றிப் பேசுவதையும் எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விடாப்பிடி. சேர வரும் பிள்ளையின் பெயரில் ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் அப்பா அம்மாவைத் திரும்பக் கூப்பிடுவாள். "பேர்தானே மிஸ், பரவால்ல" என்று யாராவது சொன்னால், "பேர்தானே சார் எல்லாமே" என்பாள். அதுதான் அவள் குரல் கொஞ்சம் உயரும் நேரம்.

அவள் தங்கை ஜெனியும் தங்கை கணவர் டெனிஸும் முடிச்சூரில் ஃபிளாட் வாங்கினார்கள். வெள்ளம் வந்த ஏரியா என்று பயந்து நான்காவது மாடி. சமையலறை மேடைக்கு ஒரு கல் போட்டிருந்தார் டெனிஸ். வெளிர் பச்சையில் தேன் நிற வரிகள் நெளிந்து நெளிந்து போகும். வந்தவர்களை எல்லாம் முதலில் சமையலறைக்குத்தான் கூட்டிப் போவார்.

"ஒரிஜினல் ஓனிக்ஸ்க்கா. தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கும்."

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தன்று, பாஸ்டருக்கு ஜூஸ் போட ஜோசலின் எலுமிச்சை நறுக்கினாள். அரை மூடி ஒன்று கவிழ்ந்து கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. எடுத்தபோது அடியில் சாறு தேங்கியிருந்தது. சாறுக்குள் ஊசிமுனை அளவில் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. துடைத்தாள். மினுமினுத்த மேடையில் அரை நிலா வடிவத்தில் ஒரு மங்கல் தழும்பு.

ஜெனி போட்ட சத்தத்தில் வரவேற்பறையில் பாட்டு நின்றது. எல்லோரும் சமையலறைக்குள் வந்தார்கள். டெனிஸ் சோப்புப் போட்டுத் தேய்த்தார். யாரோ தேங்காய் எண்ணெய் என்றார்கள். ஞானம்மாள் தழும்பின் மேல் கை வைத்து ஜெபிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஜோசலின் என்ன செய்தாள் தெரியுமா? இன்னொரு சொட்டு விட்டாள்.

"அக்கா!"

"பொங்குதுடி ஜெனி! கல்லு பொங்குது! குனிஞ்சு பாரேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல். அவள் அப்படிச் சிரித்து அங்கே யாருமே பார்த்ததில்லை. ஜெனிக்கு மேடை மறந்து அக்காவைப் பற்றிய பயம் வந்துவிட்டது.

கல் விற்ற கடைக்காரர் ஏமாற்றவில்லை. "எங்க லைன்ல இதுக்குப் பேரே ஓனிக்ஸ்தான் சார், ஓனிக்ஸ் மார்பிள். புளி, எலுமிச்சை ஆகாதுன்னு சொன்னேனே, நீங்க லைட்டு வெச்சா எப்படி இருக்கும்னு கேட்டுட்டே இருந்தீங்க" என்றார். டெனிஸுக்கும் அப்படிச் சொன்ன மாதிரிதான் ஞாபகம். பிறகு அந்தக் கல்லைப் பெயர்த்துக் கூடத்துச் சுவரில் பதித்துப் பின்னால் விளக்குப் போட்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் கண்ணைப் பறிப்பது அதுதான்.

ஜோசலின் அதோடு நிற்கவில்லை. கடையில் ஒரு பெயர், உண்மையில் ஒரு பெயரா? பள்ளி நூலகம், அறிவியல் டீச்சர், போன் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் தேடினாள். ஒரு வாரத்தில் என் சாப்பாட்டு நேரம் வகுப்பறையாகிவிட்டது.

"எலுமிச்சைக்குப் பொங்குச்சுன்னா அது கால்சைட்டு, தமிழினி. சுண்ணாம்பு ஜாதி. ஆணியால கீறினா கோடு விழும். நிஜ ஓனிக்ஸ் பொங்காது, ஆணிக்கு அசையாது. வரி எல்லாம் தண்டவாளம் மாதிரி நேரா ஓடும். அதே ஜாதிதான், ஆனா வரி வளைஞ்சு வளைஞ்சு போச்சுன்னா, அது அகேட்."

"சரி, சாப்பிடு."

"அகேட்ல ஓரத்துல லைட் அடிச்சா உள்ள போகும். போகலைன்னு வை, ஜாஸ்பரா இருக்கலாம்."

"தயிர் சாதம் புளிக்குது ஜோசி, சாப்பிடு."

"புளிக்குதா? அந்தத் தயிரை ஒரு சொட்டு விட்டுப் பாக்கலாமா?"

கைப்பையில் கண் மருந்துப் புட்டி ஒன்றைக் கழுவி எலுமிச்சைச் சாறு நிரப்பி வைத்திருந்தாள். ஒரு எஃகு ஆணி. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸ். இவற்றோடு தாம்பரம் முழுக்கச் சுற்றினாள். பல் டாக்டர் வீட்டு வாசலில் இருந்த வரிக்கல் யானையைப் பார்த்தாள். பல் வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் வலியை மறந்தார்கள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மாவின் மணிமாலையைக் காட்டி, "ஒரே ஒரு மணியைக் கன்னத்துல வெச்சுப் பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். கல்லென்றால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் உடனே சூடேறிவிடும் என்பது அவள் கணக்கு. அந்த அம்மா கழுத்திலிருந்து கழற்றாமலேயே சாய்ந்து காட்ட, ஆட்டோ வளைவில் திரும்ப, இரண்டு பேரும் மாலையோடு கோத்துக்கொண்டு ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். மணி நிஜக் கல்தான். இறங்கும்போது இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு 'லெமன் மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அவளுக்குக் கோபமே இல்லை. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினால் சரி என்றாள்.

அந்த நாட்களில்தான் முடிச்சூர் ஃபிளாட்டின் தரைத் தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அவள் குந்தியிருந்தாள். அங்கே பழுப்பு வரிகளோடு பளபளவென்று பதித்திருந்தார்கள். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இன்னா மேடம், சுவத்துக்குள்ள எதுனா சத்தம் கேக்குதா?"

கையில் கருவிப் பெட்டியோடு லிஃப்ட் மெக்கானிக் ஏசுதாசன் நின்றிருந்தார். பீர்க்கன்கரணைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். மனைவி இறந்து வெகு காலம், பிள்ளைகள் இல்லை. மாதம் ஒரு முறை அந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிபார்க்க வருவார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது ஜோசலினுக்குத் தெரிந்தது, தன் கன்னத்தில் ஒட்டியிருந்த சுவர்த் தூசி மட்டும்தான்.

"இல்ல சார். இது கல்லா டைல்ஸான்னு பாக்கறேன். டைல்ஸ்தான்."

"அதெப்படி கன்னத்துக்குத் தெரியும்?"

"கன்னத்துல தெரியல சார், டைல்ஸும் சில்லுன்னுதான் இருக்கு. அங்க பாருங்க. மேல ஒரு வரி மூக்கு மாதிரி வளையுதா? அதே மூக்கு இங்க இருக்கு. தோ, அங்கயும் இருக்கு. நிஜக் கல்லுல ஒரு மூக்கு திரும்ப வராது."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஒரு மூக்கு. இன்னொரு மூக்கு. கதவுக்கு மேலே ஒன்று. "அட! அங்க ஒண்ணு கீது மேடம்! தோ பாருங்க, இது தலைகீழா!" என்று விரலை நீட்டி நீட்டி எண்ண ஆரம்பித்தார். மேல் மாடியில் யாரோ லிஃப்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் சுவரெங்கும் மூக்கு தேடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் லிஃப்ட் பார்க்க வரும் நாளில் ஜோசலினுக்குத் தங்கையைப் பார்க்கத் தோன்றியது. அதற்கு அடுத்த மாதமும். "எங்க மேல இவ்ளோ பாசம் இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?" என்று ஜெனி என்னிடம் போனில் கேட்டாள். மேலே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உடனே கீழே போய்விடுகிறாளாம்.

அப்படி ஒரு நாள் ஏசுதாசன் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். பெருங்களத்தூரில் ஒரு பழைய வீட்டை இடித்த இடத்தில் யாரோ போட்டுவிட்டுப் போனது. புளியங்கொட்டை நிறம், நடுவில் வெள்ளையும் பழுப்புமாக வளையம் வளையமாக வரிகள்.

ஜோசலின் கையில் வாங்கினாள். லென்ஸ் கூட எடுக்கவில்லை. "கால்சைட். எங்க தங்கச்சி வீட்டுக் கல்லோட அண்ணன்" என்றாள் நிச்சயமாக.

"பொங்குமா?"

"பாருங்க, எப்படிப் பொங்குதுன்னு."

புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். இருவரும் தலை முட்டக் குனிந்தார்கள். சொட்டு அப்படியே கண்ணீர்த் துளி மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்னொரு சொட்டு. ஒன்றும் இல்லை. ஆணியால் ஓரத்தில் கீறினாள். கீறிய இடத்தில் ஆணியின் இரும்புதான் தேய்ந்து ஒட்டியிருந்தது, கல்லில் ஒரு கோடு இல்லை.

"தப்பு!" என்று கத்தினாள் ஜோசலின். "நான் சொன்னது தப்பு சார்! முழுத் தப்பு!"

லாட்டரி விழுந்தவள் மாதிரி அவள் குதித்ததை ஏசுதாசன் திகைத்துப் பார்த்தார். தவறு செய்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? "டார்ச் இருக்கா? சீக்கிரம், டார்ச்!" என்றாள். லிஃப்ட் குழிக்குள் அடிக்கும் பெரிய டார்ச்சை அவர் எடுத்து, அவள் விரல்களில் பிடித்திருந்த கல்லுக்குப் பின்னாலிருந்து அடித்தார். விரல் இடுக்கில் வெளிச்சம் சிவந்தது. கல்லின் ஓரமெல்லாம் தேன் கரைந்த மாதிரி ஒளி ஊறி, உள்ளே ஒவ்வொரு வரியும் தனித்தனியாக எரிந்தது.

"அகேட்" என்றாள் ஜோசலின் மெல்ல.

"அகேட்" என்றார் அவரும். டார்ச்சை அணைக்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஓர் அட்மிஷன் படிவத்தில் பிள்ளையின் பெயருக்கு நேரே 'அகேட்' என்று எழுதி வைத்திருந்தாள். நான்தான் அடித்துத் திருத்தினேன்.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். பழைய மின்விசிறி, உடைந்த சைக்கிள், புறாக்கூண்டு எல்லாவற்றுக்கும் நடுவே வரிக்கல் தேடினார்கள். அவள் 'சார்' என்பாள், அவர் 'மேடம்' என்பார். அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. நானே ஒரு நாள், "இது எதுல போய் முடியும்?" என்று கேட்டேன். "எது?" என்று கேட்டாள், முகம் சிவந்துபோய்.

ஒரு சனிக்கிழமை மதியம் மேற்குத் தாம்பரத்தில் மாரியின் ஜூஸ் கடைக்கு வரச் சொல்லியிருந்தார் ஏசுதாசன். "நீயும் வாடி, எனக்குப் படபடன்னு இருக்கு" என்று ஜோசலின் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் இஸ்திரி போட்ட வெளிர் நீலச் சட்டையில், கழுத்தெல்லாம் பவுடரோடு காத்திருந்தார். மூன்று சாத்துக்குடி ஜூஸ் சொன்னார். தன்னுடையதைத் தொடவில்லை. பிறகு பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து மேசையில் பிரித்தார். வெள்ளி மோதிரம். நடுவில் கறுப்பும் வெள்ளையும் வரி ஓடும் முட்டை வடிவக் கல்.

"உங்களுக்குத்தான் மேடம். ஓனிக்ஸு. ஒரிஜினல். சந்தையில வாங்கல, கடையிலதான் வாங்கனேன். உங்களுக்கு... சம்மதம்னா..."

ஜோசலினின் ஒரு கை மோதிரத்தை எடுத்தது. இன்னொரு கை கைப்பைக்குள் போயிற்று. மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"அடியே, இப்ப வேணாம்டி."

"ஒரே நிமிஷம் தமிழினி."

"பாக்கட்டும், பாக்கட்டும்" என்றார் ஏசுதாசன். "பாத்துட்டே சொல்லுங்க மேடம்." அவர் நெற்றியில் பவுடர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

புட்டி காலி. ஜோசலின் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணா, அரை எலுமிச்சை கிடைக்குமா?" என்றாள்.

"சால்ட்டா ஸ்வீட்டாக்கா?"

"ஜூஸுக்கு இல்லண்ணா. மோதிரத்துக்கு."

மாரி வேலையைப் போட்டுவிட்டு எலுமிச்சையோடு தானே வந்துவிட்டார். பின்னால் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். பணி முடிந்த ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். "இன்னாபா கூட்டம்?" என்று தெருவிலிருந்து ஒருவர் கேட்க, மாரி உரக்கச் சொன்னார்: "அண்ணன் மோதிரம் குட்த்துகிறாரு. அக்கா டெஸ்ட் பண்ணிகினு கீறாங்க!"

ஒரு சொட்டு. மிக்சியை யாரோ நிறுத்தினார்கள்.

"பொங்கல!" என்றாள் ஜோசலின்.

"பொங்கலயாம்!" என்று மாரி தெருவுக்குச் சொன்னார். கைதட்டல். நல்லதா கெட்டதா என்று தெரியாமலே தட்டினார்கள். அடுத்து ஆணி. கோடு விழவில்லை. மறுபடி கைதட்டல், கண்டக்டர் விசிலே அடித்துவிட்டார். ஏசுதாசன் முதல் முறையாக ஜூஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

ஜோசலின் லென்ஸைக் கண்ணில் இடுக்கி, மோதிரத்தை வெயில் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேரம் ஓடியது. லென்ஸை இறக்கினாள்.

"சார், இது ஓனிக்ஸ் இல்ல."

ஏசுதாசன் டம்ளரை வைத்தார்.

"நடுவுல நேராத்தான் ஓடுது. ஆனா இந்த ஓரத்துல பாருங்க, எல்லா வரியும் சேர்ந்து வளையுது. இது அகேட். கறுப்பு, சாயம் ஏத்துனது. இங்க மெல்லிசா ஒரு விரிசல் இருக்கு, அதுல சாயம் கட்டியா நிக்குது."

"சாயமா? அப்ப... டூப்பா மேடம்?"

"டூப் இல்ல சார். கல்லு நிஜம். சாயம் ஏத்தறது எல்லா ஊர்லயும் வழக்கம்தான். பேர் மட்டும்தான் தப்பு."

"மாத்திடறேன்" என்றார் அவர், எழுந்தேவிட்டார். "கடை தொறந்துதான் கீது. இப்பவே போய் நல்ல ஓனிக்ஸா மாத்தியாந்துடறேன். நீங்க உக்காருங்க, நான் தோ..."

வாசல் வரை போய்விட்டார். அப்போது ஜோசலின் கூப்பிட்டாள்.

"என்னங்க!"

அவ்வளவுதான். 'சார்' இல்லை. ஒரு வீட்டில் ஒரு பெண் ஒருத்தரை மட்டுமே கூப்பிடும் அந்த 'என்னங்க'. அவர் அப்படியே நின்றார். தெருவில் கேட்ட அத்தனை பேருக்கும் புரிந்தது. மாரிதான் முதலில் கத்தினார்: "அக்கா ஓகே சொல்லிட்டாங்கபா!" கல்லூரிப் பெண்கள் கூச்சலிட்டார்கள், கண்டக்டர் மறுபடி விசிலடித்ததில் எதிர் ஸ்டாண்டில் நின்றிருந்த ஒரு பஸ் கிளம்பியே விட்டது. ஏசுதாசன் திரும்பி வந்து, சிரிப்பதா அழுவதா தெரியாமல், என் ஜூஸை எடுத்துக் குடித்தார்.

மோதிரம் அவள் விரலுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. "நூல் சுத்திக்கலாங்க" என்றாள் ஜோசலின். அந்த 'ங்க'வைக் கேட்டு அவர் மறுபடி எழுந்து உட்கார்ந்தார்.

ஞானம்மாளிடம் சொல்லப் போனபோது நானும் உடன் இருந்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "லிஃப்ட் ரிப்பேர் பண்ற பையனா? நம்ம வீட்ல மாடியே இல்லையேடி, அவருக்கு இங்க என்ன வேலை?" என்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பயந்துபோய் எட்டிப் பார்த்தோம். கண்ணாடி முன்னால் நின்று, கல்யாணத்துக்கு எந்தச் சேலை என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்துக்கு முன் கல்யாணம் நடந்தது. ஜெனி அழுதாள், டெனிஸ் பிரியாணிப் பந்தியில் ஓடி ஓடி வேர்த்தார். ஏசுதாசன் வேலை பார்க்கும் கட்டடங்களிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அன்றைக்கு எந்த லிஃப்டும் நிற்காமல் இருக்க வேண்டுமே என்று மாப்பிள்ளை போனைப் பார்த்தபடியே இருந்தார்.

ஊட்டி, கொடைக்கானல் எதுவும் வேண்டாம் என்றாள் ஜோசலின். பெருங்களத்தூரில் திண்டிவனம் பஸ் பிடித்து, மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போனார்கள். எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. நான் வேன் டிரைவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தமிழினி! முழு மரம்டி, வரி வரியா, படுத்துக் கிடக்கு! கல்லு!"

"மரம்தான் தமிழினி" என்று பின்னாலிருந்து அவர் குரல். "வளையம் கீது, பட்டை கீது. கிளை ஒடிஞ்ச இடம்கூட கீது. நீயே சொல்லு உன் ஃபிரெண்டுகிட்ட."

"தட்டினா கல்லு சத்தம் வருங்க!"

"காவலுக்கு நிக்கறவரு தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, நீ எப்ப தட்டின?"

"தட்டல. தட்டினா வரும்னு சொல்றேன்."

இப்படியே பேசிப் பேசித் திரும்பி வரும் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். மயிலம் வரை வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டாராம். சாயங்காலம் படம் அனுப்பினாள், இறக்கிவிடும் முன் வண்டிக்காரர் எடுத்ததாம். மூட்டைகளின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். காற்றில் அவள் தலைமுடி அவர் முகத்தில் அடிக்கிறது. கை நிறையக் கடலை. படம் எடுக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து ஒருவரையொருவர் மறுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.